கோட்டாபயவை ஏசி முடிச்சாச்சு, இனி எங்கட வாளியைப் பார்ப்போமா?

இது நீண்ட பதிவு. நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு மஃரிபுக்குப் பிறகு வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு கமெண்டில் சண்டைக்கு மட்டும் வரவேண்டாம்.

போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு வலீமா. சஹனைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது பேச்சு அரிசி விலைக்குப் போனது. யாரோ "சேதனப் பசளை" என்று சொன்னதுதான் தாமதம், எல்லோரும் சிரித்தோம். அந்தச் சொல்லே இப்போது எங்களுக்கு ஒரு பகிடி. வெளியே வரும்போது மண்டபத்தின் பின்வாசலைப் பார்த்தோம். இடுப்பளவு உயரத்துக்குக் கறுப்புப் பொலித்தீன் பைகள். ஒன்று கிழிந்து, கை படாத புரியாணிச் சோறும் சலாதும் நிலத்தில் கொட்டிக் கிடந்தன. காகங்கள் மட்டும் சந்தோஷமாக இருந்தன. உள்ளே நாங்கள் சிரித்த சிரிப்பும் வெளியே கிடந்த அந்தப் பைகளும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். 2021இல் நடந்தது அநியாயம். 2019 தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ சொன்னது 10 வருடத்தில் படிப்படியாகச் சேதன விவசாயத்துக்கு மாறுவோம் என்று. 2021 ஏப்ரலில் அமைச்சரவை முடிவு, மே 6ஆம் திகதி வர்த்தமானி, இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது. 10 வருட வேலையை ஒரு போகத்துக்குள் செய்யச் சொன்னார்கள். சேதனப் பசளை எங்கே என்று கேட்டால் சீனாவிலிருந்து கப்பல் வருகிறது என்றார்கள். 'ஹிப்போ ஸ்பிரிட்' கப்பல் சுமார் 20,000 தொன்னோடு வந்தது. மாதிரியில் தீங்கான பக்டீரியா இருப்பதாக எங்கள் தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் சொன்னார்கள், சரக்கை இறக்க விடவில்லை. கடைசியில் இறக்காத பசளைக்கு 6.7 மில்லியன் டொலர் கட்டினோம். நாட்டில் பால்மா வாங்க டொலர் இல்லாத நேரம் அது. இடையில் இந்தியாவிலிருந்து விமானத்தில் நனோ திரவப் பசளையும் வந்தது. நவம்பர் 24 அளவில் தடையை விலக்கினார்கள். அதற்குள் பெரும்போகம் விதைத்தாயிற்று.

விளைவு எல்லோருக்கும் தெரியும். 2020/21 பெரும்போகத்தில் 30 இலட்சம் தொன்னைத் தாண்டிய நெல், அடுத்த பெரும்போகத்தில் 20 இலட்சத்தைத் தொடவில்லை. அந்த அநியாயத்தை அக்கரைப்பற்றிலும் சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் எங்கள் சொந்தக்காரர்கள் தங்கள் வயலில் அனுபவித்தார்கள். நாங்கள் கொழும்பில் வரிசையில் நின்றோம். வயல்காரர்களோ வரிசையிலும் நின்று, கடனிலும் நின்றார்கள்.

ஏன் தோற்றது என்பதை எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் ஒரு கணக்காகப் போட்டுக் காட்டினோம். தரம் 9 பிள்ளைக்குப் போதுமான கணக்குத்தான். யூரியாவில் நைதரசன் 46 வீதம். 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் நைதரசன் ஏறத்தாழ 1 வீதம். அப்படியானால் ஒரு மூடை யூரியாவுக்கு ஈடாக 2,300 கிலோ கூட்டெரு வேண்டும். ஏக்கருக்கு இரண்டு மூடை போடுகிறவர் நாலரைத் தொன்னுக்கு மேல் தேட வேண்டும். அதிலுள்ள நைதரசனும் யூரியா போல உடனே பயிருக்குக் கிடைக்காது, மெல்ல மெல்லத்தான் வெளிவரும். நாட்டில் பெரும்போகத்தில் மட்டும் 7 இலட்சம் ஹெக்டயருக்கு மேல் நெல் விதைக்கிறோம். ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், இந்தக் கணக்கு அவங்களுக்குத் தெரியாதா?" அதற்கு என்ன பதில் சொல்ல?

இதுவரைக்கும் நீங்கள் எல்லோரும் தலையாட்டுவீர்கள். இனித்தான் கோபம் வரும்.

அந்தத் தோல்வியிலிருந்து நாங்கள் எடுத்த பாடம் பிழை. "யூரியா இல்லாவிட்டால் சோறு இல்லை, மண் கிண் என்பதெல்லாம் பைத்தியக்காரக் கதை" என்பதுதான் இன்று எங்கள் வட்டாரத்தின் முடிவு. ஒரு ஆட்சியாளர் ஒரு உண்மையைத் தப்பான விதமாகக் கையில் எடுத்ததால் அந்த உண்மை பொய்யாகிவிடுமா? நோயாளிக்கு மருந்தை ஒரே நாளில் நிறுத்திக் கொன்றவர் குற்றவாளிதான். அதற்காக அந்த நோயாளி சுகதேகி என்று யாரும் சொல்வதில்லை.

எங்களில் சிலர் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு வயலைக் கிட்ட நின்று பார்த்தது அங்கேதான். அறுவடை முடிந்த காலம், பின்னேரங்களில் வானம் முழுக்கப் புகை. வைக்கோலை எரிக்கிறார்கள். முன்பு சூடடித்து வைக்கோல் போர் வைத்தார்கள், மாடு தின்றது, எருவாக வயலுக்கே திரும்பி வந்தது. இப்போது மிசின் வெட்டி வயல் முழுக்கச் சிதறிவிட்டுப் போகிறது. அடுத்த உழவுக்கு இடைஞ்சல் என்று ஒரு நெருப்புக்குச்சி. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்தில் ஐந்தில் நாலு பங்கு அந்த வைக்கோலில்தான் இருக்கிறது. நைதரசனிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிலேதான். எரித்தால் நைதரசன் புகையோடு போகிறது, சாம்பலில் மிஞ்சியதும் காற்றுக்கும் மழைக்கும் போகிறது. பிறகு டொலர் கொடுத்து அதே சத்தைக் கப்பலில் இறக்குகிறோம்.

2022இல் அங்கே ஒரு நண்பரின் வீட்டுக்குப் போனபோது அவருடைய வாப்பா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "எருப் போடு எருப் போடு எண்டு கொழும்பில இருந்து சொல்றீங்க தம்பிமாரே. மாட்டை வித்து வருசம் எத்தனை. எருவை எங்க எடுக்கிற?" அவரிடம் பதில் சொல்ல எங்களுக்கு வாய் இருக்கவில்லை.

மண் என்றால் என்ன என்பதைப் பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கத்தில் கடந்து விடுகிறோம். கல்லின் தூளும், செத்த இலையும் வேரும் சாணமும், அதைத் தின்று வாழும் புழு, பூஞ்சை, பக்டீரியாவும் சேர்ந்தால்தான் மண். இந்தச் சேதனப் பொருள் குறைந்தால் மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது, போட்ட பசளையையும் பிடித்து வைக்காது. மழையில் அது கழுவிக்கொண்டு வாய்க்காலுக்கும் குளத்துக்கும் போகிறது. எங்கள் வெயிலில் சேதனப் பொருள் வேகமாக உக்கித் தீர்ந்துவிடும். குளிர் நாடுகளில் ஒரு முறை போட்டது வருடக்கணக்கில் நிற்கும், இங்கே ஒவ்வொரு போகமும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் இதைக் கைப்பழக்கமாக வைத்திருந்தார்கள். பூவரசங்குழையும் பனையோலையும் புதைப்பது, இரவில் ஆடு மாட்டைத் தோட்டத்தில் பட்டி அடைப்பது எல்லாம் அதற்குத்தான். மண்ணை மீளக்கட்டும் விவசாயம் என்று இப்போது உலகம் புதுப்பெயர் வைத்துப் பேசுவதில் பாதி இது. நிலத்தை மொட்டையாக விடாதே, தேவைக்கு மேல் உழாதே, ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போடாதே, கால்நடையை வெளியே தள்ளாதே. இதில் எங்கேயும் 'நாளைக்கே யூரியாவை நிறுத்து' என்று இல்லை.

எங்கள் நாட்டிலேயே இதைச் சொன்ன ஒருவர் இருந்தார், ரே விஜேவர்தன. கேம்பிரிஜில் படித்த பொறியியலாளர். இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை வயலுக்குக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். பின்னாளில் அளவுக்கு மீறி உழுவதே வெப்பமண்டல மண்ணைக் கெடுக்கிறது என்று தன் சொந்த வேலையையே கேள்வி கேட்டார். கிளிரிசீடியா நடுங்கள், இலையை மண்ணுக்குக் கொடுங்கள், கிளையை விறகாக்கி மின்சாரம் எடுங்கள் என்று 2010இல் மௌத்தாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தான் பிழை விட்டேன் என்று சொல்லத் தெரிந்த நிபுணர்கள் எங்களிடம் அதிகமில்லை.

சரி, இது எங்கள் தட்டில் எப்படி வருகிறது? இதில் எங்கள் பக்கத்து ஆட்களும் பொய் சொல்கிறார்கள் என்பதால் கவனமாகப் பேச வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது: "அந்தக் காலத்து ஒரு தோடம்பழத்தில் இருந்த சத்துக்கு இப்போது எட்டுப் பழம் தின்ன வேண்டும், எல்லாம் இரசாயனப் பசளையால்." ஆராய்ச்சியில் இருப்பது இவ்வளவுதான்: அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் 43 தோட்டப் பயிர்களின் 1950ஆம், 1999ஆம் ஆண்டு அளவுகளை ஒப்பிட்டார்கள். புரதம், கல்சியம், இரும்பு, விற்றமின் சி உட்பட ஆறு சத்துக்கள் குறைந்திருந்தன. ஆனால் அவர்கள் கைகாட்டியது முக்கியமாக விளைச்சலுக்காகத் தேர்ந்தெடுத்த புது இனங்களை. இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட்டில் 1843இலிருந்து ஒரே கோதுமை வயலைப் பரிசோதிக்கிறார்கள். அங்கே சேமித்து வைத்த தானியத்தை 2008இல் அளந்தபோது 1960களின் நடுப்பகுதிவரை நாகமும் இரும்பும் பெரிதாக மாறவில்லை, குட்டை இனங்கள் வந்த பிறகுதான் இறங்கின. மண்ணில் அவை குறையவில்லை. ஆகவே 'பசளை போட்டதால் சத்துப் போச்சு' என்று மேடையில் முழங்குகிறவர்கள் கொஞ்சம் வாசித்துவிட்டு வரட்டும்.

அப்படியானால் மண்ணுக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. எங்கள் தென்மேற்கு ஈரவலயம் ஒரு காலத்தில் கழுத்துக்கழலை நோயின் இடம். மழை அயடீனைக் கழுவிக்கொண்டு போன மண். 1995இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பதைச் சட்டமாக்கியது அதனால்தான். துருக்கியின் மத்திய அனடோலியாவில் மண்ணில் நாகம் இல்லாமல் கோதுமையும் மெலிந்தது, சாப்பிட்டவர்களிலும் நாகக் குறைபாடு இருந்தது. 1990களில் நாகம் கலந்த பசளை போட்டார்கள், விளைச்சலும் ஏறியது, தானியத்தில் நாகமும் ஏறியது. கவனியுங்கள், அங்கே குறையைத் தீர்த்தது ஒரு இரசாயனப் பசளை. மண்ணை அளந்து, குறைந்ததைக் கொடுத்தார்கள். நாங்கள் செய்வது என்ன? 1962இலிருந்து பசளைக்கு மானியம், ஒரு காலத்தில் மூடை 350 ரூபா. எந்த மண்ணுக்கு எது குறைவு என்று பார்க்காமல் மலிவாகக் கிடைத்ததை அள்ளி இறைக்கப் பழக்கினோம். யூரியாவுக்கு மானியம் கொடுத்த அரசாங்கங்கள் வைக்கோலை எரிக்காமல் மண்ணுக்குத் திருப்புகிறவருக்கு என்ன கொடுத்தன? எங்கள் வாக்கைக் கேட்டு வருகிற எம்பிமாரிடம் இதை ஒரு தடவையாவது கேட்டோமா?

சிறுநீரக நோயையும் ஆயுதமாக்காதீர்கள். 1990களிலிருந்து மதவாச்சி, பதவிய, மெதிரிகிரிய பக்கத்தில் விவசாயிகளைக் கொல்லும் அந்த நோய்க்கு ஒரே காரணம் இதுதான் என்று இன்றுவரை உறுதியாகவில்லை. கிளைபோசேட்டை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதித்தார்கள். ஒரு கையெழுத்தில் எல்லாம் தீரும் என்ற வியாதி அப்போதே இருந்தது, 2021இல் பெரிதாகியது அவ்வளவே.

உண்மையில் எங்கள் சத்தை முதலில் திருடுவது வயலா, மில்லா? ஜாவாவில் 1890களில் கிறிஸ்ரியான் எய்க்மன் என்ற டொக்டர் தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகள் கால் விழுந்து போவதைக் கண்டார். தவிட்டோடு கொடுத்தால் எழும்பின. பெரிபெரி நோயின் மர்மம் அங்கேதான் அவிழத் தொடங்கியது, 1929இல் நோபல் பரிசு. 100 வருடத்துக்கு முன் கோழிக்குத் தெரிந்தது எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. வெள்ளவத்தைக் கடையில் கண்ணாடி போலத் தீட்டிய கீரி சம்பாவைத்தான் கேட்கிறோம். சிவப்புப் பச்சை அரிசி என்றால் "யாருக்கு டயபிட்டீஸ்?" என்று கேட்கிறோம். சுவந்தெல், மடத்தவாலு, பச்சைப்பெருமாள் பெயர்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. கத்தரிக்காயில் ஒரு புழு ஓட்டை இருந்தால் தூக்கிப் போடுகிறோம், பிறகு கிருமிநாசினி அடிக்கிறான் என்று தோட்டக்காரனை ஏசுகிறோம். அவன் அடிப்பதே எங்கள் கண்ணுக்குத்தானே.

இனி வாளிக்கு வருவோம். கொட்டாஞ்சேனைக்காரருக்கு புளூமெண்டால் குப்பை மலையை ஞாபகப்படுத்தத் தேவையில்லை. அந்த மணத்தோடுதான் நாங்கள் ஸ்கூல் போனோம். 2009இல் உயர் நீதிமன்றம் சொல்லி அது மூடியது. சந்தோஷப்பட்டோம், எங்கே போகிறது என்று கேட்கவில்லை. மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள், பெரிய வெள்ளியும் கூட, அந்த மலை சரிந்து 32 பேர் மண்ணோடு மண்ணாகிப் போனார்கள். பிறகு அருவக்காலு. கொழும்பின் குப்பை 170 கிலோமீற்றர் தாண்டிப் புத்தளத்துக்கு. 1990இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட எங்கள் மக்கள் ஒதுங்கிய மண் அது. 2018இலும் 2019இலும் அந்த மக்கள் பெண்களும் பிள்ளைகளுமாக வீதியில் நின்று கத்தினார்கள். வெள்ளவத்தையிலிருந்து எத்தனை பேர் கூட நின்றோம்? லைக் போட்டோம்.

அந்தக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கும் பொருள். மரக்கறித் தோல், சோறு, மீன் செதில், தேங்காய்ப்பூ, பழம். மண்ணிலிருந்து வந்த சாப்பாடு. பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் மீதேன் வாயுவாகிறது, இல்லாவிட்டால் யானைக்குச் சாவாகிறது. அம்பாறை பள்ளக்காட்டில் எங்கள் ஊர்ச் சபைகள் கொட்டிய குப்பையில் பிளாஸ்ரிக்கைத் தின்று எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் செத்தன என்று 2022இல் உலகப் பத்திரிகைகள் எழுதின.

கேட்கிற கேள்விகள் தெரியும். தொடர்மாடியில் மண் எங்கே? எலி வரும், மணக்கும், டெங்குக்காரன் வந்து தண்டம் எழுதுவான். இவை சாட்டு அல்ல, உண்மையான பிரச்சினை. நாங்கள் வேலை செய்த ஒரு பாடசாலையில் பிள்ளைகளோடு ஒரு பீப்பா வைத்தோம். முதல் மாதம் மணந்தது உண்மை. ஈரமானதை மட்டும் போட்டிருந்தோம். காய்ந்த இலை, தும்புத்தூள், கிழித்த கார்ட்போர்ட் சேர்த்ததும் மணம் நின்றது. மூன்றாம் மாதம் நல்ல கறுப்பு எரு, பிள்ளைகள் கையில் அள்ளி மணந்து பார்த்தார்கள். நாலாம் மாதம் நிர்வாகம் எடுக்கச் சொல்லிவிட்டது. பார்வைக்கு அழகில்லையாம். மூடி இருந்தால், தண்ணீர் தேங்காவிட்டால் நுளம்பும் இல்லை, எலியும் இல்லை. இறைச்சியும் மீனும் எண்ணெய்ச் சோறும் முதலில் வேண்டாம்.

"அது மாநகர சபையின்ட வேலை" என்பவர்களுக்கு: பிரித்துக் கொடுங்கள் என்று சபை பல வருடமாகச் சொல்கிறது. 2008இல் தொடங்கிய பிலிசரு திட்டத்தில் நாடு முழுக்கக் கூட்டெரு நிலையங்கள் கட்டினார்கள். கலந்த குப்பையில் செய்த எருவில் கண்ணாடித் துண்டும் பொலித்தீனும் கிடந்தால் எந்த விவசாயி வாங்குவான்? பலாங்கொடை நகர சபை நல்ல எரு செய்து விற்றுக் காட்டியது, அதுவும் இதே நாடுதான். வித்தியாசம் தொடங்குவது குசினியில். கொழும்புக் குப்பை அம்பாறை வயலை நிரப்பாது என்பதும் தெரியும். மேலே போட்ட கணக்கு எங்களுக்கும் பொருந்தும். நெல் வயலுக்கு அதன் வைக்கோலும் வரம்பில் நடும் கிளிரிசீடியாவும்தான் வழி. எங்கள் எரு ஹோமாகமவின் மரக்கறித் தோட்டத்துக்கும் தென்னைக்கும் பூச்சாடிக்கும் போதும். புத்தளத்துக்குப் போகும் லொறி ஒன்று குறையும்.

எங்கள் மார்க்கத்தில் இது புதினமும் இல்லை. இஸ்ராஃப் பற்றி வருடத்துக்கு எத்தனை குத்பா கேட்கிறோம், கேட்டுவிட்டு வந்து நோன்புக் கஞ்சியைச் சிங்கில் ஊற்றுகிறோம். 11ஆம் நூற்றாண்டில் தொலேடோவின் இப்னு பஸ்ஸால் மண்ணைப் பத்து வகையாகப் பிரித்து எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் செவில்லின் இப்னுல் அவ்வாம் எருவுக்கு என்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கினார். அந்தலூஸின் அரண்மனைகளைப் பற்றி உருகும் எங்கள் பேச்சாளர்கள் அந்த எருக்குழியைப் பற்றி வாய் திறப்பதில்லை. புர்கினா பாசோவில் யகூபா சவாடோகோ என்ற மனிதர் இருந்தார். சிறுவயதில் குர்ஆன் மத்ரஸாவில் படித்தவர், 2023இல் மௌத்தானார். வரட்சியில் இறுகிய நிலத்தில் குழி தோண்டி, குழிக்குள் எருவும் இலையும் போட்டு, கறையான் வந்து மண்ணைத் துளைக்கும்வரை பொறுத்திருந்தார். ஊர் பைத்தியம் என்றது. அந்த இடத்தில் சோளம் விளைந்தது, பிறகு காடே வந்தது. கேம்பிரிஜும் இல்லை, வர்த்தமானியும் இல்லை.

எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் இரண்டு பீப்பா வைத்திருக்கிறோம். ஒன்பது வீடு சேர்ந்திருக்கிறது, அதில் நாலு தமிழ் வீடு, ஒரு சிங்கள வீடு. பள்ளிவாசல் முற்றத்தில் நோன்புக்கு முன் ஒன்று வைக்க அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்து மூன்று ஜும்ஆ கடந்துவிட்டது, நிர்வாகத்திடமிருந்து பதில் இல்லை. ட்ரஸ்டிமார் இந்தப் பதிவை வாசிப்பார்கள் என்று தெரியும், அதனால்தான் இங்கே எழுதுகிறோம். கோயிலிலும் சேர்ச்சிலும் அன்னதானம், திருநாள் சமையல் பார்க்கும் நண்பர்கள் விரும்பினால் வந்து பாருங்கள். மண்டபம் எடுத்து வலீமா வைக்கப்போகிறவர்கள் முன்கூட்டிச் சொன்னால் மரக்கறிக் கழிவை எடுக்க நாங்களே வருகிறோம். ஞாயிறு காலை 9 மணிக்குப் பீப்பாவைக் கிளறுவோம். வீட்டு வாளியோடு வாருங்கள், கூடவே காய்ந்த இலை ஒரு பை. மற்றதைப் பொலித்தீனில் கட்டிக் கொண்டுவர வேண்டாம்.